சேர்த்தால் உண்டு, தேடினால் இல்லை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் இடுப்பு வலி, அது என் பழைய சொத்து. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னமும் சால்டரிங் புகையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாயா?

கடிதமா என்று கண்ணைக் கசக்காதே. போனில் நாம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் வானிலை முடிவதற்குள் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் நீதான். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் மீதி பாதி அங்கேயே கிடக்கும். எப்போதாவது எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தின் வாசல் கதவில் நீ செய்து மாட்டினாயே ஒரு பெட்டி, அது என் அட்டையை ஏற்க மாட்டேன் என்கிறது. இதுவரை வைத்தவுடன் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். போன வாரம் அந்த இல்லத்தை நடத்தும் மேலாளர் அம்மா பெட்டியிலுள்ள பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்து, வராதவர்களின் அட்டைகளை எல்லாம் நீக்கினார். அப்பாவுடையதையும் நீக்கினார். செப்டம்பரிலிருந்து அந்த அட்டை சும்மாதானே கிடக்கிறது, அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அன்று மாலையே எனக்குச் சிவப்பு விளக்கு. என்னை யாரும் நீக்கவில்லை. பட்டியலை அச்சடித்துப் பார்த்தோம், அதில் நான் இருக்கிறேன்.

பெல் அடித்தால் திறக்கிறார்கள். ஆனால் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையை விட்டு அங்கே போய்ச் சேரும் நேரத்தில்தான் உள்ளே எல்லோருக்கும் சாப்பாடு ஊட்டுவார்கள். ஆள் வரும்வரை நான் வாசலில் நிற்கவேண்டும். அம்மா தினமும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருகிறார். இடையில் வெறும் கண்ணாடி.

உன் பெட்டி, நீதான் பார்க்கவேண்டும். அப்பாவை அனுப்பிவைத்த மறுநாள் பஸ் ஏறியவன், அதற்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா உன் பேரை இன்னும் சொல்கிறார். இந்தச் சாக்கிலாவது வா.

உன் அக்கா.

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இடுப்புக்கு யாரிடமாவது காட்டினாயா? நின்றுகொண்டே கண்ணாடி தேய்க்காதே, ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக்கொள்.

பெட்டி விஷயமாகச் சில விவரங்கள் தேவை. சிவப்பு விளக்கு ஒருமுறை எரிகிறதா, விட்டுவிட்டு எரிகிறதா? சத்தம் வருகிறதா? அட்டையை வைத்த உடனே எரிகிறதா, சற்று யோசித்து எரிகிறதா? அன்று யார் யார் அட்டைகளை நீக்கினார்கள்? உன்னைத் தவிர வேறு யாருக்காவது இதே தொல்லை உண்டா? மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தார்களா? உன் அட்டையை மறுபடி சேர்க்க முயன்றால் என்ன சொல்கிறது?

ஒரு குளிர்பதனக் கிடங்குக்குப் பூட்டுகள் செய்துகொண்டிருக்கிறேன், பட்டறையில் நிற்க இடமில்லை. மாதம் முடியும்வரை நகர முடியாது. விவரம் வந்ததும் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

தம்பி.

*

மார்ச் 1

டேய் திருப்புளி,

நலம், நலமறிய ஆவல். ஸ்டூல் ஏற்கெனவே இருக்கிறது, அதில் கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

பெட்டியைப் பற்றி ஏழு கேள்வி கேட்டிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட அம்மாவைப் பற்றி இல்லை. அன்பை மட்டும் கடைசி வரியில் ஒட்டி அனுப்பியிருக்கிறாய், தபால்தலை மாதிரி. சரி, வாங்கிக்கொள்.

விளக்கு ஒருமுறைதான் எரிகிறது, வைத்த உடனேயே. யோசிப்பதாகத் தெரியவில்லை. அப்பாவுடையதும், வேலையை விட்டுப் போன உடற்பயிற்சிக்காரருடையதும் நீக்கப்பட்டன. அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. பணியாளர்கள் எல்லோருக்கும் திறக்கிறது. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அப்படி ஒரு மரியாதை.

மறுபடி சேர்க்கப் போன கதையைக் கேள். மேலாளர் அம்மா என் எண்ணை அடித்தார். பெட்டி, 'ஏற்கெனவே உள்ளது' என்றது. "ஆங், நீங்கதான் உள்ளே இருக்கீங்களே" என்றார் அவர். "இருந்தா கதவு ஏங்க திறக்கல?" என்றேன். அவர் யோசித்து, "அப்ப முதல்ல நீக்கிட்டு அப்புறம் சேத்துருவோம்" என்று நீக்கப் போனார். 'அப்படி ஓர் எண் இல்லை' என்றது. மறுபடி சேர்க்கப் போனால் 'ஏற்கெனவே உள்ளது'. நீக்கப் போனால் 'இல்லை'. இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு இதையே அரைமணி நேரம் செய்துகொண்டிருந்தோம். கடைசியில் மேலாளர் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க இருக்கீங்களா இல்லையான்னு உங்க தம்பியைத்தான் கேக்கணும்" என்றார். சிரித்துவிட்டோம். புது அட்டை போடலாம் என்றால் வெற்று அட்டை ஒன்றுகூட மீதி இல்லையாம், அதுவும் உன்னிடமிருந்துதான் வரவேண்டுமாம்.

சிரிப்பு வராத பகுதி இது. நான் வெளியே நின்றால் அம்மா எழுந்து வந்துவிடுகிறார். கண்ணாடியை இரண்டு கையாலும் தள்ளுகிறார். சத்தம் கேட்காது, ஆனால் என்ன சொல்கிறார் என்று உதட்டிலேயே தெரியும். "உள்ள வாயேன்டி, ஏன் அங்கியே நிக்கிற?" கதவு திறந்து நான் உள்ளே போனதும் கேட்கிற முதல் கேள்வி, "அப்பா எங்க?" பணிப்பெண்கள் அவருக்கு ஒரு பதில் பழக்கிவைத்திருக்கிறார்கள், "வெளிய போயிருக்காரும்மா" என்று. போயிருக்கார் என்றால் வருவார் என்றுதானே பொருள்? அதனால்தான் அம்மா அந்த நாற்காலியை விட்டு அசைவதே இல்லை.

பதில் எழுது. விளக்கைப் பற்றி மட்டும் எழுதாதே.

அக்கா.

*

மார்ச் 5

அக்கா,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கண்டுபிடித்துவிட்டேன்! உன் கடிதத்தில் 'ஏற்கெனவே உள்ளது', 'இல்லை' இரண்டையும் படித்ததுமே குளிர்பதனக் கிடங்கை அப்படியே போட்டுவிட்டுப் பழைய நிரலை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். தப்பு முழுக்க என்னுடையது.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், பொறுமையாகப் படி. பெட்டியின் மூளையாக இருக்கும் சில், சிப் என்பார்களே, அதன் நினைவகம் ரொம்பச் சின்னது. அதனால் எல்லாவற்றையும் சி என்ற கணினி மொழியில் கையாலேயே எழுதினேன். பெரிய கணினியில் ஹாஷ் மேப் என்கிற தேடும் அட்டவணை வேண்டும் என்று கேட்டால் தயாராக எடுத்துக் கொடுத்துவிடும், இங்கே நாமே செங்கல் அறுத்துக் கட்டவேண்டும். நினைவகத்தில் வரிசையாக அறைகள் இருப்பதாக வைத்துக்கொள். ஒரு அட்டை வந்தால் அதன் எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடுவேன். விடைதான் அந்த அட்டையின் அறை. ஒவ்வொரு அறையாகத் தட்டிப் பார்க்க வேண்டாம், நேரே அங்கே போகலாம்.

இரண்டு பேருக்கு ஒரே அறை விழுந்தால்? பின்னால் வந்தவர் அதற்கடுத்த காலி அறையில் போய் உட்கார்ந்துகொள்வார். தேடும்போதும் அதே வழிதான். உன் அறையில் வேறு ஆள் இருந்தால் அடுத்த அறை, அதிலும் வேறு ஆள் என்றால் அதற்கும் அடுத்தது. காலி அறை வந்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடலாம். அதற்கு மேல் நீ இருக்க வழியில்லை.

இப்போது அட்டை எண்களைப் பார். அப்பாவுக்கு நம் பழைய ஸ்கூட்டர் எண், 4172. நீயும் அதே எண்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாய். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகும் சண்டை. சரி என்று அதையே திருப்பிப் போட்டு உனக்கு 2714 கொடுத்தேன். நான் போட்ட கணக்கோ, இலக்கங்களைக் கூட்டுகிற சோம்பேறிக் கணக்கு. எப்படித் திருப்பிப் போட்டாலும் கூட்டினால் ஒன்றுதான். அப்பா தன் அறையில் உட்கார்ந்தார். நீ அடுத்த அறையில்.

அட்டையை நீக்கும் இடத்தில் நான் எழுதியிருப்பது இது: ஆளை எடு, அறையைக் காலி என்று குறி. அவ்வளவுதான். அப்பாவை எடுத்ததும் அந்த அறை காலி. நீ அட்டையை வைத்தால் பெட்டி முதலில் அங்கேதான் போகிறது, காலி என்று பார்க்கிறது, இல்லை என்று சொல்லிவிடுகிறது. நீ பக்கத்து அறையில் நல்லபடியாக உட்கார்ந்திருக்கிறாய், உன்னை வந்து பார்க்கத்தான் யாரும் இல்லை. நீக்கப் போனாலும் இதே வழியில்தான் தேடும், அதனால்தான் 'இல்லை'. புதிதாகச் சேர்க்கும்போது மட்டும் எல்லா அறைகளையும் ஒன்று விடாமல் பார்க்கும்படி எழுதியிருந்தேன், அதனால் 'ஏற்கெனவே உள்ளது'. பார்த்தாயா, பெட்டி பொய்யே சொல்லவில்லை!

கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. ஆனால் கண்டுபிடித்ததில் சந்தோஷம், அதை மறைப்பானேன். திருத்திப் புதுச் சில் ஒன்று செய்து அனுப்புகிறேன்.

இன்னொன்று. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட எண் 1247. அதுவும் அதே நான்கு இலக்கங்கள்தான், உனக்கும் அடுத்த அறை. ஆக என் அட்டைக்கும் கதவு திறக்காது. இப்போது வந்தும் பயனில்லை.

தம்பி.

*

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை நன்றாகவே புரிந்தது, கடைசி வரியும் சேர்த்து.

யாருக்குக் காது குத்துகிறாய்? கதவு திறக்காதாம், அதனால் வந்து பயனில்லையாம். நான் பெல் அடித்துத்தானே உள்ளே போகிறேன்? உனக்கு விரல் இல்லையா?

'அப்பாவை எடுத்ததும்' என்று எழுதியிருக்கிறாய். அட்டையைத்தான் சொல்கிறாய், தெரிகிறது. ஆனால் எனக்கு அந்தச் சொல்லைப் படித்தவுடன் நினைவுக்கு வந்தது வேறு. அப்பாவை எடுத்த அன்று வாசலில் அவ்வளவு கூட்டம். நான் உள்ளே அம்மாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், வெளியே நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில். மறுநாள் காலையில் உன் பை இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை. எழுதிவிட்டேன், இனி அதைப் பற்றி நீயும் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம்.

இப்போது ஒரு நல்ல சேதி. பணிப்பெண்களிடம் 'போயிருக்கார்' என்று சொல்ல வேண்டாம் என்று ஒரு பாட்டம் சண்டை போட்டேன். "உண்மையைச் சொன்னா தினமும் புதுசா அழுவாங்கம்மா, நாங்க பாத்திருக்கோம்" என்றார்கள். அதுவும் நியாயம்தான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திங்கட்கிழமை அம்மா கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்பா எங்க?"

"போயிட்டாரும்மா."

என் முகத்தையே பார்த்தார். "போயிட்டாரா? சொல்லாமயா?" என்றார்.

"ஆமாம்மா. சொல்லாமத்தான்."

"அவருக்கு எப்பவும் அவசரம்தான்" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சை உரித்துக் கொடுக்கச் சொன்னார். உரித்துக் கொடுத்தேன். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்து என்னோடு தோட்டம்வரை நடந்தார். இரண்டு மூன்று எழுத்துதான் வித்தியாசம் தம்பி, போயிருக்கார், போயிட்டார். பொய்யும் இல்லை, போட்டு உடைத்ததும் இல்லை. இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அவருக்குப் பேர்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. உங்கள் அத்தான் பேர் போய்விட்டது. என் மகள் பேர் எப்போதாவது வருகிறது. உன் பேர் இருக்கிறது. இருக்கும்போதே வந்துவிடு. இதற்கு மேல் எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அக்கா.

*

ஏப்ரல் 10

தம்பிக்கு,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பட்டறைக்குப் போன் செய்தேன், உயிரோடு இருக்கிறாய் என்று உன் கூட வேலை செய்பவர் சொன்னார். அது போதும் என்று வைத்துவிட்டேன்.

நேற்று அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். "நீ நல்லா வாருற. உனக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

சீப்பு கையில் அப்படியே நின்றுவிட்டது. "ஒரு தம்பி இருக்கான்" என்றேன்.

"என்ன பண்றான்?"

"கதவுக்குப் பூட்டு செய்யறான்."

"நல்ல வேலைதான்" என்றார்.

மீதித் தலையை வாரி முடித்தேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அக்கா.

*

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. எழுதாமல் இல்லை, எழுதிக் கிழித்தேன். நீ கோபப்பட்டதில் தப்பே இல்லை.

இந்த உறைக்குள் பஞ்சில் சுற்றிப் புதுச் சில்லை வைத்திருக்கிறேன். அதன் உலோகக் கால்களைத் தொடவேண்டாம், வளைந்துவிடும். இல்லத்துக்கு வந்துபோகும் மின்வேலைக்காரரிடம் கொடு. பெட்டி மூடியில் நாலு திருகு, பழையதை நெம்பி எடுத்துவிட்டுப் புள்ளி போட்ட முனை இடப்பக்கம் வரும்படி அழுத்தினால் போதும். முதல் தடவை மின்சாரம் வந்ததும், பெட்டியில் தனியாகச் சேமித்திருக்கும் அட்டை எண்களை எல்லாம் அதுவே எடுத்துப் புதுக் கணக்குப்படி மறுபடி அடுக்கிக்கொள்ளும். இந்தக் கணக்கில் எந்த இலக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் சேரும், ஆகவே திருப்பிப் போட்டால் வேறு அறை.

நீக்கும் இடத்தையும் மாற்றிவிட்டேன். முன்பு ஒரு அறைக்கு இரண்டு நிலைதான்: ஆள் இருக்கு, காலி. இப்போது மூன்றாவது ஒன்று. ஆளை நீக்கினால் அறையைக் காலி என்று குறிக்காமல் அங்கே ஒரு அடையாளம் விட்டுவைக்கவேண்டும். தேடி வருபவர் அதைப் பார்த்தால் நிற்கமாட்டார், இங்கே ஒருவர் இருந்தார், இப்போது இல்லை, நீ மேலே போ என்று தாண்டிப் போவார்.

இந்த அடையாளத்துக்கு எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பேர் கல்லறைக் கல். புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கும். எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், ஒருமுறையும் உறுத்தியதில்லை. இந்தத் தடவை அடிக்கக் கை வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உன் கடிதத்தை எடுத்து, 'போயிட்டார்' என்று பேர் வைத்தேன். ஆங்கில எழுத்தில் நம் சொல். நாளைக்கு யாராவது அந்த நிரலைத் திறந்தால் ஒன்றும் விளங்காமல் முழிப்பார்கள். முழிக்கட்டும்.

பை இல்லாமல் போன காலையைப் பற்றி. அப்பாவை எடுப்பதற்குச் சற்று முன்பு நீ தண்ணீர் கொண்டுவரப் போனாய். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இத்தன பேர் வந்திருக்காங்க, இந்த மனுஷன் எங்கடா போனாரு? வந்தவங்கள வாங்கன்னு கேக்க வேணாமா?" என்றார். அப்பா எங்களுக்கு நேர் எதிரே கிடந்தார் அக்கா. எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அம்மா மறுபடி மறுபடி கேட்டார். அதற்கப்புறம் எனக்கு அம்மா முகத்தைப் பார்க்கவே பயம். இதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

சில்லைப் போட மின்வேலைக்காரரே போதும். நான் வரவேண்டியதில்லை.

தம்பி.

*

மே 3

டேய்,

உன் பஞ்சுப் பொட்டலம் வந்து சேர்ந்தது. கால் ஒன்றும் வளையவில்லை. என் கண்ணாடி டிராயரில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டேன்.

மின்வேலைக்காரரிடம் கொடுக்கப் போவதில்லை. நீ வந்து போடு. அதுவரை நான் வாசலில் நின்று பெல் அடித்துக்கொள்கிறேன், மழையானாலும் வெயிலானாலும். இதற்குப் பேர் பிடிவாதம். ஸ்கூட்டர் எண்ணுக்கு அடம் பிடித்தவள்தானே நான், ஞாபகம் இருக்கட்டும்.

அம்மா சட்டையைப் பிடித்து இழுத்ததை நீ அன்றே என்னிடம் சொல்லியிருக்கலாம். உன் தலையைத் தடவிக் கொடுத்திருப்பேன். பயம் என்றால் எனக்கும்தான் பயம். தினமும் அந்த வாசலில் நிற்கும்போது, இன்றைக்கு நான் யார் என்று கேட்டுவிடுவாரோ என்று நினைத்துக்கொண்டேதான் பெல் அடிக்கிறேன். இருந்தும் போகிறேன். உன்னை ஒன்றும் பெரிய காரியம் செய்யச் சொல்லவில்லை, நாலு திருகைக் கழற்றி நாலு திருகை மாட்டு.

எங்கள் வீட்டில் எல்லோரும் நலம், உன் அறையில் மின்விசிறி சத்தம் போடுகிறது, அதையும் வந்து பார்.

அக்கா.

*

மே 14

அக்கா,

நலம். இருபத்துமூன்றாம் தேதி, சனிக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டாம். பெட்டி உயரத்தில் இருக்கிறது, ஒரு ஏணிக்குச் சொல்லிவை.

தம்பி.

*

மே 17

தம்பிக்கு,

ஏணிக்கும் சொல்லியாயிற்று, மேலாளர் அம்மாவுக்கும் சொல்லியாயிற்று. ஆனால் என் அதிர்ஷ்டத்தைப் பார், அந்த வாரம் முழுக்கப் புது லென்ஸ் இயந்திரத்தில் பழகக் கடையில் வெளியூருக்கு அனுப்புகிறார்கள். உங்கள் அத்தானையும் மகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறேன். சாவி கீழ்வீட்டில் இருக்கும். சில் சாப்பாட்டு மேஜைமேல் இருக்கும். நான் இல்லை என்று தேதியை மாற்றாதே. போய்ப் பார்த்துவிட்டு மேஜைமேலேயே எழுதிவைத்துவிட்டுப் போ, ஒரு வரி விடாமல். போனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றோடு போகாதே.

அக்கா.

*

மே 24, உன் சாப்பாட்டு மேஜை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் மூவரும் நல்லபடியாகத் திரும்பி வந்திருப்பீர்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். ஒரு வரி விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

முதலில் என் அட்டையை வைத்துப் பார்த்தேன். சிவப்பு. பெல் அடித்தேன். நீ சொன்ன மாதிரியே ஆள் வர நேரமாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்தார், எழுந்து வரவில்லை.

பணிப்பெண் ஏணியைக் கொண்டுவந்து போட்டார். நான் அம்மாவிடம் போவதற்குள் அவரே, "கதவு ரிப்பேருக்கு வந்திருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டார். நான் "அம்மா" என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "வாங்க தம்பி. ரொம்ப நாளா கெட்டுக் கெடக்கு" என்றார்.

அக்கா, நீ அம்மாவுக்குத் தலை வாரியதைப் பற்றி எழுதியபோது எனக்குப் புரிந்தது என்று நினைத்தேன். புரியவில்லை. வாடா என்றும் போடா என்றும் திட்டியும் கொஞ்சியும் கேட்டிருக்கிறேன். 'வாங்க' என்று என்னை அம்மா வாழ்நாளில் சொன்னதில்லை. பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று என் கால்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஏணி எதிரே இருந்ததால் அதில் ஏறிவிட்டேன்.

மூடியைக் கழற்றினேன். அம்மா நாற்காலியை ஏணிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "பாத்து, கரண்ட் அடிச்சுடப் போவுது" என்றார். அணைத்துவிட்டேன் என்றேன். "எங்க பையனும் இதே வேலைதான். ரொம்பக் கெட்டிக்காரன். சின்ன வயசுல வீட்டுல ஒரு கடியாரத்த மிச்சம் வெச்சதில்ல" என்றார்.

"இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வெளியூருல. வேலை ஜாஸ்தி, அதான் வரல. வருவான்." கொஞ்சம் கழித்து, "பயந்தாங்கொள்ளி. இருட்டுன்னா பயம், ஊசின்னா பயம். ஆனா வந்துடுவான்" என்றார்.

சில்லை மாட்டினேன். இரண்டு தடவை நழுவிற்று. மின்சாரம் போட்டதும் விளக்கு மஞ்சளில் சிறிது நேரம் மினுக்கியது. உள்ளே எல்லோரும் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பச்சை. நீ மேஜையில் வைத்துவிட்டுப் போன உன் அட்டையை வைத்தேன், திறந்தது. நீ இனி பெல் அடிக்கவேண்டாம்.

கீழே இறங்கினேன். அம்மா கேட்டார்: "தம்பி, எங்க பையன் வந்தா இது அவனுக்குத் திறக்குமா?"

என் அட்டையை எடுத்து வைத்தேன். பச்சை எரிந்தது. கதவு திறந்தது. "திறக்கும்மா" என்றேன்.

"இன்னொரு தடவ வைங்க."

வைத்தேன். அம்மா எழுந்து வந்து கதவைத் தொட்டுப் பார்த்தார். "அவன் பேரு இதுக்குள்ள இருக்கா?"

"இருக்கும்மா."

"வரவே இல்லன்னு யாராச்சும் அழிச்சுடப் போறாங்க. நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க."

"யாரும் அழிக்க மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். திருகுகளைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். கண்ணிலிருந்து வந்ததை அம்மா பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "இவருக்குத் தண்ணி குடு, பாவம், காலையிலேர்ந்து வேலை" என்றார்.

புறப்படும்போது கேட்டார், "நாளைக்கும் வேலை இருக்கா தம்பி?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இன்று காலையும் போனேன். மூடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் பையனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மறந்துபோனதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. கிடங்குக்காரர்களுக்குப் பத்து நாள் தாமதமாகும் என்று சொல்லியாயிற்று, நீ திரும்பும்போதும் இங்கேதான் இருப்பேன், ஆனால் இதையெல்லாம் வாயால் சொல்ல வராது என்றுதான் எழுதிவைக்கிறேன். அதற்கப்புறமும் மாதத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு வருவேன்.

மேலாளர் அம்மாவிடமும் பணிப்பெண்களிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். கதவு முழுக்கச் சரியாகிவிட்டது. அம்மாவிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதே.

தம்பி.